பாலத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

அந்தக் கதவுகளை எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். பெயிண்டர் பெர்சி மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கால்வாய் நெடுக ஒரு கதையைக் கட்டிவிட்டதும் நான்தான். பாவம் அந்த மனுஷன், அந்த நேரத்தில் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியும் பன்றிக்கறியும் தின்றுகொண்டிருந்தார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி எங்கள் படகுகளைப் பிரான்ஸ்டன் படகுப் பட்டறையில் ஏற்றி வண்ணம் பூசித் தரும். முன்னால் போகும் மோட்டார் படகை என் கணவர் ஏனோக் ஓட்டுவார். அது இழுத்துவரும் படகில் சுக்கான் பிடிப்பவள் நான். இரண்டிலும் லண்டனுக்குப் போகும் நிலக்கரி. என் படகின் பின்கோடியில் பத்தடி நீளத்துக்கு ஓர் அறை இருக்கிறது. அடுப்பு, கட்டில், அலமாரி, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்தான். அதன் வாசலில் இரண்டு சின்னக் கதவுகள்.

கால்வாய்ப் படகுகளுக்கு வழக்கமான படம் எல்லாம் கதவின் உள்பக்கத்தில். மேல் பலகையில் கோட்டை, கீழ்ப் பலகையில் ரோஜாக் கொத்து. வாசலில் நின்று சுக்கான் பிடிக்கும்போது கதவுகளை வெளியே தள்ளி மடக்கி வைப்போம். உள்பக்கம் அப்போது படகின் பின்புறத்தைப் பார்த்து நிற்கும். எதிரே வருகிறவருக்கு எங்கள் கோட்டை தெரியாது. கடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

என் அக்கா ரோடாவின் படகை நான் ஏழு வருடம் அப்படித்தான் பார்த்துவந்தேன். எதிரே வரும்போது அவள் அந்தக் கரையைப் பார்ப்பாள், நான் இந்தக் கரையைப் பார்ப்பேன். கடந்ததும் நான் திரும்பி அவள் கதவுகளைப் பார்ப்பேன். நன்றாகத் துடைத்து வைத்திருப்பாள். அதுவும் எரிச்சலாக இருக்கும்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் எங்கள் அம்மா ஸ்டோக் மேட்டில், மதகுக்காரர் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த மேட்டில் ஏழு மதகுகள். ஒவ்வொன்றும் ஒரு கல்தொட்டி. தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும், வடித்தால் கீழே இறங்கும். மதகுக்காரர் வீடு மேட்டு மதகை ஒட்டி இருந்தது. ரோடா முந்தின நாளே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் லண்டனிலிருந்து விழுந்தடித்து வந்துகொண்டிருந்தோம். ஐந்து மதகு ஏறி, மேலிருந்து இரண்டாவது மதகுக்கு வந்தோம். தொட்டி காலியாக, கதவு திறந்து, எங்களுக்காகவே காத்திருந்தது. அப்போது ரோடாவின் கணவன் அமோஸ் மேலிருந்து சரக்கோடு வந்தான். அவனுடைய ஆள் ஓடிவந்து எங்கள் மூஞ்சிக்கு நேராகக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பினான்.

கண்ணெதிரே நிற்கிறவரின் மதகைப் பிடுங்குவது எங்கள் ஆட்களிடையே திருட்டுக்குச் சமம். இருபது நிமிடம் போயிற்று. நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அம்மா பத்து நிமிடத்துக்கு முன்னால் போய்விட்டிருந்தாள்.

அம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் ரோடாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, உன் புருஷன் ஒரு கொலைகாரன் என்பதுதான். அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து அவளை நான் அமோஸ் பெண்டாட்டி என்றுதான் சொல்வேன்.

இந்த வசந்தத்தில் நாங்கள் பட்டறைக்குப் போனால், அமோஸின் படகுகள் எங்களுக்கு முன்பே அங்கே கிடந்தன. திரும்பிப் போகவும் முடியாது. நாலு நாள் ஒரே முற்றத்தில் இருந்தோம். குழாயடிக்கு அவள் காலையில் போனால் நான் மதியம் போவேன். நான் துணி காயப்போட்டால் அவள் தன் துணியை உள்ளே எடுத்துக்கொள்வாள். ஏனோக்கும் அமோஸும் மட்டும் கொட்டகைக்குப் பின்னால் பீர் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

முதல் நாளே பெர்சியிடம் போனேன். கழற்றிய கதவுகளைச் சுவர் ஓரமாக வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். அவர் ஒரு ரோஜாவைத் தொடங்கி அந்த ரோஜாவையே முடிப்பவர் இல்லை. எல்லாக் கதவிலும் முதலில் கறுஞ்சிவப்பில் வட்டங்களாக வைத்துக்கொண்டே போவார். அது காய்ந்ததும் எல்லா வட்டத்துக்கும் இதழ், பிறகு எல்லா இலைக்கும் நரம்பு. மூன்று நாள் வரைக்கும் வெறும் உருண்டையாக இருப்பது நாலாம் நாள் காலையில் மொத்தமாகப் பூத்துவிடும். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், அவரிடம் நான் சொன்னதில்லை.

"பெர்சி, இந்த வாட்டி கோட்டை எங்கம்மா கதவுல இருந்த மாதிரி வேணும்" என்றேன். "உருண்டைக் கோபுரம், சிவப்புக் கூரை, மூணு கண்ணு வச்ச பாலம். தண்ணிப் பக்கமா சாஞ்ச ஒரு மரம்."

அவர் தூரிகையை நிறுத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதேதானா?"

"அதேதான். ஏன், வராதா?"

"வராம என்ன. சும்மா கேட்டேன் அம்மணி."

"முயல் கறி கொண்டாந்திருக்கேன். ஒழுங்கா வரைஞ்சாத் தருவேன்."

"முதல்ல கறியக் குடு. வாசனைக்குக் கை தானா ஓடும்."

அம்மாவின் படகை எப்போதோ உடைத்து விறகாக்கிவிட்டார்கள். அந்தக் கதவும் அதோடு போயிற்று. அம்மா வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவும்போது அவள் தோளுக்குப் பக்கத்தில் தெரியும் அந்தக் கோட்டை என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

"சின்னதுல அந்தக் கோட்டைக்குள்ள யாரு இருக்காங்கன்னு கேட்டு அம்மாவை நச்சரிப்பேன்" என்றேன். "நீங்க யாருமே அதுல ஒரு ஆளைக்கூடப் போடறதில்லையே, ஏன்?"

"போடக் கூடாது. முப்பது வருஷமா வரையறேன், ஒருத்தனப் போட்டதில்ல" என்றார் பெர்சி. சொல்லும்போது அவர் காது சிவந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். "ஆளைப் போட்டா, அவன் எங்க போறான், எதுக்குப் போறான்னு பாக்கறவன் கேப்பான். நான் பதில் சொல்லணும். கோட்டைன்னா கேள்வி கிடையாது."

நாலாம் நாள் காலையில் ஏனோக்கிடம், அமோஸ் பெண்டாட்டி எழுந்திருப்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்றேன். கொட்டகைக்குப் போனேன். பெர்சி இல்லை. சுவர் ஓரத்தில் முதலாவதாக இருந்த இரண்டு கதவுகளிலும் உருண்டைக் கோபுரம், சிவப்புக் கூரை, மூன்று கண் பாலம், சாய்ந்த மரம். என் அம்மாவின் கோட்டை. வேறு எவளுக்கு அது வேண்டியிருக்கும்? பக்கத்துக் கதவுகள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அவற்றைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு கதவையும் தூக்கிவந்து, கீலில் மாட்டிவிட்டு, கரி ஏற்றிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டோம்.

மறுநாள் மதியம் ஓர் இடத்தில் மதகு நிரம்பக் காத்திருந்தபோது ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கதவைத் துடைக்க உட்கார்ந்தேன். இடது கதவில், பாலத்தின் மேல், ஒரு சிவப்புப் புள்ளி. பெர்சி கிழவருக்குக் கை உதறியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். சிவப்புக்குக் கீழே ஒரு பழுப்புக் கீற்று, அதற்கும் கீழே இரண்டு மயிரிழை. கால்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

ஒரு பொம்பளை. தலையில் சிவப்புத் துணி. பாலத்தின் மேல் கோட்டையைப் பார்த்து ஓடுகிறாள்.

ஏனோக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆளைப் பார்க்கவில்லை, குனிந்து கதவின் அடியைத் தடவினார்.

"இது நம்ம கதவே இல்ல கெசி. நம்மளதுல கரிச்சட்டி இடிச்சு ஓட்டை விழுந்து, நான் தகரம் அடிச்சிருந்தேன். எங்க அது?"

தகரம் இல்லை. வேறொரு மூலையில் யாரோ ஒரு மரத்துண்டை அழகாகச் செதுக்கி ஒட்டியிருந்தார்கள்.

"அமோஸ் வேலை" என்றார் ஏனோக். "அவன்தான் இப்படி ஒட்டுவான்."

முதலில், அவளும் என் அம்மாவின் கோட்டையைக் கேட்டிருக்கிறாள் என்ற கோபம். அவளுக்கும் அம்மாதான் என்பது அடுத்துதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் அப்புறம் அந்தச் சிவப்புத் துணி. நான் பதினைந்து வயதிலிருந்து தலையில் கட்டுவது சிவப்புத் துணிதான். தூரத்திலிருந்தே கெசையா வருகிறாள் என்று மதகுக்காரர்கள் சொல்வார்கள்.

"என்னைக் கேலி பண்ணி வரைய வச்சிருக்கா" என்றேன்.

"இருக்கும்" என்றார் ஏனோக். அவர் சண்டைக்கு வராத நாளில் எதற்கும் இருக்கும் என்றுதான் சொல்வார்.

எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒரு வார்த்தையை வடக்கே போகிற படகில் சொல்லிவிட்டால் அது தபாலுக்கு முன்னால் போய்ச் சேரும். எதிரே வந்த ஒரு படகுக்காரரிடம் கத்தினேன். "அமோஸ் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ கதவு என்கிட்ட மாறி வந்துடுச்சு. பெர்சி பண்ண வேலை. நாங்க திரும்பி வரும்போது வாங்கிக்கட்டும்."

ஏழு வருடத்தில் நான் அவளுக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அது. லண்டனில் கரியை இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பும்போது பதில் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு கிழவர். சுக்கானை விடாமலே சொல்லிக்கொண்டு போனார்.

"தெரியும்னு சொல்லச் சொன்னா."

"என்ன தெரியுமாம்?"

"அவ்வளவுதான் சொன்னா. தெரியும்னு."

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தெரியும் என்றால் கதவு மாறியது தெரியுமா, எடுத்தவள் நான் என்று தெரியுமா? தெரிந்தும் ஏன் ஆள் அனுப்பவில்லை? மூன்றாம் நாள் ஸ்டோக் மேட்டின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தோம். கீழ் மதகுக்காரர் எங்களைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

"ஏனோக், கொஞ்சம் நில்லுப்பா. அமோஸ் மேல வந்து நிக்கறான், சரக்கோட. தொட்டியெல்லாம் நிரம்பி அவனுக்குத் தயாரா இருக்கு. அவன் இறங்கட்டும், அப்புறம் நீ ஏறு."

அதே மேடு. அதே மாதிரி அவர்கள் மேலே, நாங்கள் கீழே.

"ஒரு மணி நேரத்துல இங்க வந்துருவாங்க" என்றார் ஏனோக். "இங்கேயே கதவ மாத்திக்கலாம். டீ போடு."

அடுப்பில் கெட்டிலை வைத்தேன். எடுத்தேன். இந்த மேட்டில் இன்னொரு முறை நின்று காத்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. இரண்டு கதவையும் கீலிலிருந்து தூக்கினேன்.

"என்ன பண்ற?"

"போய்க் குடுத்துட்டு வரேன்."

"அதத் தூக்கிட்டா? காத்து உள்ள அடிச்சு அடுப்பு அணைஞ்சுடும்."

"அணையட்டும்."

கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவையும் இடுக்கிக்கொண்டு கரைப்பாதையில் ஏறினேன். முதலில் நடந்தேன். மூன்றாவது மதகு தாண்டியதும் கால் தானாக வேகம் பிடித்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஆம்பளைப் பூட்ஸ். கதவின் முனை இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது. எதிரே வந்த ஒருத்தர் வழிவிட்டு ஒதுங்கி நின்று, எங்கேயாவது தீப்பிடித்திருக்கிறதா என்று பின்னால் பார்த்தார்.

மேலிருந்து இரண்டாவது மதகு வந்தது. மூச்சு வாங்க அங்கே நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். மேட்டு மதகின் சின்னப் பாலத்துக்கு அப்பால் மதகுக்காரர் வீடு தெரிந்தது. சன்னல் தெரிந்தது. சன்னலில் கிடந்த பூந்தொட்டிகூடத் தெரிந்தது.

இந்த இடத்தை எத்தனையோ தடவை படகில் கடந்திருக்கிறேன். கடக்கும்போதெல்லாம் மதகின் கதவையே பார்ப்பேன். அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அந்த இருபது நிமிடமும் நான் இங்கேதான் நின்றேன். சுக்கானைப் போட்டுவிட்டுக் கரையில் குதித்தேன், அமோஸைத் திட்டுவதற்காக. அவன் தொட்டியில் இறங்கிக்கொண்டே போக, நான் மேலே நின்று திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கால் இருந்தது. கரையில்தான் நின்றேன். இங்கிருந்து அம்மாவிடம் ஓட இரண்டு நிமிடம்கூட ஆகாது. படகு ஏனோக்கோடு மெல்ல வந்து சேர்ந்திருக்கும். அமோஸ் என்னுடைய மதகைத்தான் பிடுங்கினான். இருபது நிமிடத்தை வீணாக்கியவள் நான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தமாக அவனைத் திட்டினேன், அன்றைக்கும் அதற்குப் பிறகும்.

மறுபடி ஓடினேன். மேட்டு மதகின் ஓரத்தில் ரோடா நின்றுகொண்டிருந்தாள். வேறு பக்கம் பார்க்கவில்லை. நான் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போனதும் கதவுகள் இரண்டும் கையைவிட்டு நழுவிப் புல்லில் விழுந்தன. எனக்கு இரைத்தது. தலைத்துணி அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது.

"உக்காரு" என்றாள். "செத்துகித்து வைக்காத."

உட்கார்ந்தேன். அவளும் மதகுக் கதவைத் தள்ளும் கட்டையில் உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. எனக்கு அது தெரியாது, தொப்பியோடுதான் பார்த்திருந்தேன்.

"பெர்சி மாத்திக் குடுத்துட்டார்" என்றேன்.

"பட்டறையில நீ தூக்கிட்டுப் போறத நான் என் படகுச் சன்னல் வழியாப் பாத்தேன். ஓடிப் போய்ப் பிடிக்கட்டுமான்னு பெர்சி துடிச்சார், வேண்டாம்னுட்டேன். அவளே பாக்கட்டும்னு."

"எதப் பாக்கணும்? என்னை எதுக்கு அதுல போட்ட? கோட்டையில ஆள் போட மாட்டேன்னு அந்த ஆளு என்கிட்ட அவ்வளவு பேசினாரு."

"என்கிட்டயும்தான் பேசினார். போடற வரைக்கும் நகர மாட்டேன்னு நின்னேன். போட்டார்."

படகிலிருந்த அமோஸ் எங்களைப் பார்த்துவிட்டு, கயிற்றை அவிழ்க்காமல் புகைக்குழாயைப் பற்ற வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

ரோடா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு அம்மா ராத்திரி பூரா கேட்டுட்டே இருந்தா, கெசி வந்தாளா, கெசி வந்தாளான்னு. காலையில கண்ணு சரியாத் தெரியல அவளுக்கு. என்னை எட்டிப் பாத்துச் சொல்லச் சொன்னா. எட்டிப் பாத்தேன். நீ அங்க நின்னுட்டிருந்த, அந்த மதகு கிட்ட. கைய ஆட்டி ஆட்டிக் கத்திட்டிருந்த."

நான் புல்லைப் பிடுங்கினேன்.

"என்ன சொல்றது அம்மாகிட்ட? ஓடி வந்துட்டிருக்காம்மான்னு சொன்னேன். படக விட்டுட்டு ஓடி வர்றா, சிவப்புத் துணி தெரியுது, பாலத்துக்கிட்ட வந்துட்டான்னு. அவ கேக்கக் கேக்க நானும் சொல்லிட்டே இருந்தேன்."

"நான் ஓடலக்கா" என்றேன். ஏழு வருடம் கழித்து அந்த வார்த்தை தானாக வந்தது. "ஓடியிருக்கலாம். நின்னு சண்டை போட்டேன். அமோஸ் மேல பழியப் போட்டேன்."

"அமோஸ் பண்ணதும் தப்புதான். அத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீ வந்ததும் வராததுமா கொலைகாரன்னுட்ட, எனக்கும் வாயடச்சுப் போச்சு." மதகுக்காரர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னொண்ணு. சன்னல் திறந்துதான் இருந்தது, கெசி. உன் தொண்டை உனக்கே தெரியும். அமோஸோட பாட்டன் வரைக்கும் நீ இழுத்துட்டிருந்தது இங்க வரைக்கும் கேட்டுது."

"அய்யோ."

"அம்மாவுக்கும் கேட்டுது. அது வரைக்கும் நான் சொன்னத அவ நம்பினாளான்னு எனக்குத் தெரியாது. உன் சத்தம் கேட்டதும் முகமே மாறிடுச்சு. கெசிதான் வந்துட்டா, அப்படின்னா. யாரத் திட்டறாளோன்னு சிரிச்சா. அப்புறம் கேக்கவே இல்ல. அப்படியே தூங்கினா."

நான் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, குழந்தை மாதிரி வாயைத் திறந்து அழுதேன். அம்மா என்னைக் காணாமலே போனாள் என்றுதான் ஏழு வருடமும் நினைத்திருந்தேன். ரோடா என் தலைத்துணியை எடுத்து, இறுக்கிக் கட்டிவிட்டாள். சின்ன வயதில் கட்டுவது மாதிரியே, முடி பிய்கிற அளவுக்கு.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுகளை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மறுபடி கழட்டி மாட்டிட்டிருக்க எனக்கு நேரம் இல்ல. உன்னது நல்லாவே பொருந்திடுச்சு. அந்தத் தகரத்த மட்டும் அமோஸ் பிடுங்கிட்டு மரம் வச்சுட்டான், ஏனோக்குகிட்ட சொல்லிடு, வருத்தப்படப் போறான்."

"அப்ப இத நான் தூக்கிட்டுத் திரும்ப இறங்கணுமா?"

"ஏறத் தெரிஞ்சவளுக்கு இறங்கத் தெரியாதா?"

அமோஸ் கதவுகளை வாங்கித் தன் படகின் கூரையில் வைத்து, கீழே வரை கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். சரி அமோஸ் என்றேன். ஏழு மதகையும் அவர்களுக்காக நானே முன்னால் போய்த் திறந்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்தில் ஏனோக் அணைந்த அடுப்போடு உட்கார்ந்திருந்தார். கதவுகளை வாங்கி மாட்டினார்.

பிறகு அவர்கள் தெற்கே, நாங்கள் வடக்கே. கடந்துபோனதும் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன். ரோடாவும் திரும்பியிருந்தாள், கையைத் தூக்கினாள். அவளுக்கு இரண்டு பக்கமும் என் பழைய கதவுகள், அம்மாவின் கோட்டை, மூன்று கண் பாலம். அந்தப் பாலத்தில் யாரும் இல்லை. ஓடிக்கொண்டிருந்தவள் இப்போது என் பக்கத்தில் இருந்தாள், என் முழங்கை உயரத்தில், ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால்.